வாய்வரை வந்த சொல்

கோயம்பேட்டிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நகரப் பேருந்து ஒன்றில், மாலை நேரத்து நெரிசலும் பின்னால் வரும் லாரிகளின் ஹாரன் ஓசையும் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டிருந்த வேளையில், என் அருகே ஜன்னலோரமாக அமர்ந்திருந்த இளைஞரிடம் நடத்துனர் "எங்க தம்பி?" என்று கேட்டார். இளைஞரின் உதடு அசைந்தது. "வே..." என்று ஒரு சப்தம், சற்றே உயர்ந்த சுருதியில், எழுந்து நின்றுவிட்டது. மறுபடியும் "வேல்..." என்றார். "வேலூரா? இந்த வண்டி வேலூர் போகாதுப்பா" என்று நடத்துனர் சொல்ல, முன்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். காது மந்தம் போலும் என்று எண்ணிய நடத்துனர் குரலை உயர்த்தி மீண்டும் கேட்டதும், இளைஞர் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். நேர்த்தியான கையெழுத்தில் அதில் எழுதியிருந்தது: "வேலப்பன்சாவடி, ஒரு டிக்கெட். எனக்கு ஆட்டிசம். காது கேட்கும். பேச நேரமாகும்."

நடத்துனர் அதை இருமுறை படித்தார். "சரி தம்பி" என்று தணிந்த குரலில் கூறி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இளைஞர் அட்டையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன் விளிம்புகள் நைந்திருந்ததைக் கண்டபோது, அது எத்தனை முறை அந்தப் பையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன்.

நமக்கு எத்தகைய சிரமமுமின்றி வரும் அந்த ஊர்ப்பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். "வே" என்பதற்குக் கீழுதடு மேற்பல்லைத் தீண்டவேண்டும். உடனே நாநுனி மேலெழுந்து "ல"வைத் தரவேண்டும். "ப்ப" என்பதற்கு இரு உதடுகளும் இறுக மூடி ஒரு கணம் காற்றைத் தேக்கித் திறக்கவேண்டும். "ன்" வரும்போது மெல்லண்ணம் தாழ்ந்து மூக்கின் வழியைத் திறந்துவிட, அடுத்த "சா"வுக்குள் அது மீண்டும் உயர்ந்து அவ்வழியை அடைத்தாக வேண்டும். இறுதி "டி"க்கு நாக்கு பின்னோக்கி மடங்கி அண்ணத்தைத் தொட்டு மீளவேண்டும். இவ்வளவும், அடிவயிற்றிலிருந்து எழும் மூச்சு இடையில் அறுந்துபோகாமல், ஒன்றேகால் விநாடிக்குள் நடந்து முடிகின்றன. பேச்சில் ஈடுபடும் தசைகள் ஏறக்குறைய நூறு என்று சரீர சாஸ்திரிகள் கணக்கிடுகிறார்கள். உந்தியில் தோன்றும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டிடங்களில் உருப்பெற்று எழுத்தாகிறது என்று தொல்காப்பியரே பிறப்பியலில் வகுத்துவைத்திருக்கும் நம் மொழியில், பேச்சு என்பது உடலின் உழைப்பு என்ற உண்மையை நாம் மறந்துவிட்டது வியப்பே.

மறந்ததனால்தான் பேசாத குழந்தையைக் கண்டால் நம் எண்ணம் நேரே நாக்குக்குப் போகிறது. "நாக்குக்கடியில் நரம்பு ஒட்டியிருக்கிறது" என்பார் ஒருவர். வசம்பை உரைத்துத் தேனில் குழைத்துத் தடவச் சொல்வார் மற்றொருவர். "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும், இவன் அப்பாவும் அப்படித்தான்" என்று பாட்டி ஆறுதல் கூறுவாள். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் செந்திலாண்டவன் சந்நிதியில் வாய் திறந்து கவி பாடினார் என்ற வரலாற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எத்தனையோ தாய்மார்கள் கோயில் கோயிலாக நடக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை கூறமாட்டேன். ஆயினும், நாக்குக் கட்டு சில ஒலிகளின் உச்சரிப்பைச் சற்றுப் பாதிக்கலாமேயன்றி ஒரு குழந்தையைப் பேச்சே இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை என்பதைப் பல் மருத்துவக் கல்லூரியும் பொது மருத்துவக் கல்லூரியும் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் இந்த வேலப்பன்சாவடியிலேனும் உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. காத்திருப்பில் கழியும் இரண்டு மூன்று ஆண்டுகள், பயிற்சிக்கு மிகவும் உகந்த ஆண்டுகள்.

அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மனநோய் மருத்துவர் 1943 ஆம் ஆண்டில் முதன்முதலாக ஆட்டிசத்தை விரிவாக எழுதியபோது, அவர் வருணித்த பதினொரு குழந்தைகளில் எட்டுப் பேருக்குப் பேச்சு வந்திருந்தது, மூவருக்கு வரவேயில்லை. இன்றைய மதிப்பீடும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை: ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 30 சதவீதத்தினர் பள்ளிப் பருவத்திலும் மிகச் சில சொற்களே பேசுகிறார்கள், அல்லது பேசுவதேயில்லை. எஞ்சியோர் பேசுகிறார்கள், ஆனால் அவர்களில் பலர் ஏற்ற இறக்கமற்ற குரலிலோ, ராகம் போட்டதுபோன்ற குரலிலோ, இடத்துக்குப் பொருந்தாத உரத்த அல்லது தணிந்த குரலிலோ பேசுகிறார்கள். தமிழில் ஆட்டிசத்துக்கு "மன இறுக்கம்" என்றும் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்றும் பெயர்கள் வழங்கிவருகின்றன. இரண்டும் அநியாயமான பெயர்கள் என்பதே என் திடமான அபிப்பிராயம். அட்டை எழுதி வைத்துக்கொண்டு பேருந்தேறுகிறவருக்குப் புற உலகைப் பற்றி நம்மைவிட அதிகமாகவே சிந்தனை இருக்கிறது.

கானர் கவனித்த மற்றொரு விஷயம், நாம் "நான்" என்று சொல்லுமிடத்தில் அக்குழந்தைகள் "நீ" என்று கூறுவது. தமிழ் வீடுகளில் இதை நாள்தோறும் காணலாம். அம்மா தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டிருப்பாள், அடுத்த முறை தாகமெடுக்கும்போது குழந்தை அவளிடம் வந்து, அதே குரல், அதே இழுப்பு மாறாமல், "உனக்குத் தண்ணி வேணுமா?" என்கிறது. அறியாதவர்கள் இதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். பாரி பிரிசான்ட், ஜூடித் டூக்கன் என்னும் இரு அமெரிக்கப் பேச்சியல் அறிஞர்கள் 1981 இல் எதிரொலிப் பேச்சை, குறிப்பாகக் கேட்டவுடனே திருப்பிச் சொல்வதை, ஆராய்ந்து, அதில் கேட்டல், ஆமோதித்தல், தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ளல் முதலிய பல பயன்கள் உண்டென்று காட்டினார்கள். தண்ணீர் கிடைத்த சந்தர்ப்பத்தில் ஒலித்த வாக்கியம் அதுவாகையால், தண்ணீரைப் பெற அந்த வாக்கியத்தையே முழுதாக எடுத்து வைக்கிறது குழந்தை. காரண காரியம் அதில் தெளிவாகவே இருக்கிறது.

சொல் மனத்தில் இருந்தும் வாய்க்கு வராமல் நிற்பதேன் என்பதற்கு விஞ்ஞானிகள் ஒரே விடை கூறவில்லை. மூளை தன் திட்டத்தைத் தசைகளுக்கு வரிசை பிறழாமல் அனுப்ப இயலாத ஒருவகைக் குறைபாடே காரணம் என்று சிலர் கருதுகின்றனர். பேசக்கூடிய ஆட்டிசக் குழந்தைகள் 46 பேரைச் சோதித்த 2011 ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு ஆதாரம் காணவில்லை. 2015 இல் நடந்த வேறொரு சிறிய ஆய்வோ, தான் பார்த்த ஆட்டிசக் குழந்தைகளில் மூன்றில் இரு பங்கினருக்கு அக்குறைபாடு இருப்பதாகக் கண்டது. எல்லோருக்கும் ஒரே காரணம் இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை.

காலத்தின் நெருக்கடி வேறு. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே கழிவது சராசரியாக ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பாகமே என்று, பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்குவதற்கே அதைப்போல் மூன்று மடங்கு நேரம் பிடிக்குமாதலால், எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதிலை நாம் அடுப்பில் ஏற்றிவிடுகிறோம் என்பது இதனால் பெறப்படும். இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கவே பெரும் பிரயாசைப்படுகிற ஒருவரால், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் ஹாரன்களுக்கு நடுவே, அதை எப்படிச் செய்ய முடியும்? அவர் தொடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுகிறது. கட்டிய வாக்கியம் சரிந்துவிடுகிறது. வீட்டின் அமைதியில் சரளமாகப் பேசுகிறவருக்கே, களைப்பும் வெளிச்சமும் சப்தமும் சேர்ந்து அழுத்தும்போது சில மணி நேரம் பேச்சு முற்றிலும் நின்றுபோவதுண்டு. "நேற்று நன்றாகப் பேசினானே, இன்று பிடிவாதம்" என்று பள்ளியிலும் வீட்டிலும் கூறப்படும் தீர்ப்பு, இந்த உண்மையை அறியாமல் கூறப்படுவது.

இங்கே ஓர் ஆராய்ச்சியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். டெக்சாஸில் நோவா சாசனும் அவருடைய சகாக்களும் 2017 இல் வெளியிட்டது அது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பேசிய சிறு துணுக்குகளை அந்நியர்களிடம் கொடுத்து, "இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இவருடன் பழக விரும்புவீர்களா?" என்ற வகையில் கேட்டார்கள். குரலைக் கேட்டவர்களும் உருவத்தைப் பார்த்தவர்களும், சில கணங்களுக்குள்ளேயே, மற்றவர்களைவிட இவர்களைக் குறைத்து மதித்தார்கள். பேசிய சொற்களை மாத்திரம் எழுத்தில் படித்தவர்களுக்கோ அந்த வேற்றுமை தோன்றவேயில்லை. சொல்லப்பட்ட விஷயம் ஒன்றே. காதும் கண்ணும் இடையில் புகுந்ததும் மதிப்பு இறங்கிவிட்டது. குறை எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று கேட்டால், பாதியேனும் கேட்பவர் பக்கத்தில் என்றே நான் சொல்வேன்.

வாய் ஒத்துழைக்காதபோது வேறு வழி தேடித் தருவதில் சென்னைக்கு ஒரு சிறப்பான பங்குண்டு. 1985 இல் பூனம் நடராஜன் தொடங்கி, இன்று கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தில், பேச இயலாத குழந்தைகள் படப்பலகைகளைக் கொண்டு உரையாடிவந்தனர். மேல்நாட்டிலிருந்து வரும் பேசும் கருவிகளோ இலட்சக்கணக்கில் விலை. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன் இக்குழந்தைகளுடன் பழகி, 2010 இல் "ஆவாஸ்" என்ற கருவியை உருவாக்கினார். இந்தியில் அச்சொல்லுக்குக் குரல் என்று பொருள். படத்தைத் தொட்டால் அது சொல்லாகும். சொற்கள் சேர்ந்து வாக்கியமாகிக் கருவி அதை உரக்கப் பேசும். முதலில் மூளைமுடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காகப் பிறந்த அது, பின்னர் கைக்கணினிச் செயலியாகி ஆட்டிசக் குழந்தைகளிடம் பரவியது, தமிழும் பேசுகிறது. இலக்கணம் பிடிபடாத குழந்தைகளுக்காக, படங்களை "யார்?", "எதை?", "எங்கே?", "எப்போது?" என்ற கேள்விகளால் இணைத்து வாக்கியம் அமைக்கும் ஒரு முறையையும் அவர் பின்னர் வகுத்தார். தமிழறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. "யாரை", "யாருக்கு", "எதில்" என்ற வினாக்களுக்கு விடையாக ஐ, கு, இல் என்று உருபுகளை ஒட்டிக்கொண்டு நிற்பவைதாமே நம் வேற்றுமைகள்! எனினும், அம்மா, சோறு என்ற இரு படங்களைக் குழந்தை தொட்டால், அம்மா சோறு கேட்கிறாளா, அம்மாவிடம் சோறு கேட்கப்படுகிறதா என்பதை அந்தச் சிற்றுருபே தீர்மானிக்கவேண்டியிருப்பதால், தமிழில் இத்தகைய கருவி அமைப்பது ஆங்கிலத்தில் அமைப்பதினும் நுட்பமான வேலை. நம் கணினித் தமிழ் அறிஞர்கள் இதில் சிரத்தை கொள்ளவேண்டும்.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் வருகிற பேச்சும் வராமல் போய்விடுமே என்ற பயம் பெற்றோர்களிடம் ஆழமாக இருக்கிறது. இது குறித்த பழைய ஆய்வுகளையெல்லாம் சலித்து 2006 இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், நம்பத்தக்க சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்குச் சிறிதேனும் கூடியிருந்தது. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. வேறொருவர் கையைப் பிடித்தோ, எழுத்துப் பலகையை ஏந்தித் தூண்டியோ எழுதவைக்கும் முறைகளில், வெளிவரும் சொல் யாருடையது என்று நிச்சயிக்க முடியாதாகையால், அமெரிக்கப் பேச்சு மொழி கேள்வியியல் சங்கம் 2018 இல் அவற்றைக் கைக்கொள்ள வேண்டாமென்று அறிவித்தது. தானே தொட்டு, தானே எழுதுவதுதான் ஒருவருடைய சொல்.

கேட்பவரின் மனம் எவ்வளவு செய்யமுடியும் என்பதற்குத் தமிழ்நாடு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. வேலப்பன்சாவடியை அடுத்த மதுரவாயலில் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் நிற்கிறது. 1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தபின் அவருடைய குரல் மாறிப்போயிற்று, சொற்கள் குழைந்தன. காரணம் முற்றிலும் வேறு. ஆட்டிசத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் அந்தத் தெளிவற்ற குரலைத் திரையரங்குகளில் கோடிக்கணக்கான மக்கள் கூர்ந்து கேட்டுப் பழகினார்கள். பத்தே ஆண்டுகளில் அக்குரலுக்குரியவரை முதலமைச்சராக்கினார்கள். புரியவில்லை என்று எழுந்து போகவில்லை. அவர் வாழ்ந்த இராமாவரம் தோட்டத்தில் இன்று செவித்திறனும் பேச்சுத்திறனும் குன்றிய குழந்தைகளுக்கான பள்ளி நடைபெறுகிறது. அன்பினால் ஒருவருக்குக் காட்டிய அந்தப் பொறுமையை, பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் காட்ட நமக்குத் தெரியாமலா போய்விடும்?

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசத்தை ஊனங்களின் பட்டியலில் சேர்த்ததோடு நில்லாமல், எழுத்து, சைகை, படம், துணைக்கருவி ஆகிய அனைத்தையும் தகவல் தொடர்பு என்றே வரையறுத்திருக்கிறது. மதிப்பீடும் பயிற்சியும் வேண்டுவோருக்குப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சு, கேள்வியியல் துறையும், முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வழிப்போக்கர்கள் இளைப்பாறவும் ஊரார் கூடிப் பேசவும் அமைந்த இடத்தைத்தான் நம் முன்னோர் சாவடி என்றார்கள். அன்று அந்த இளைஞர் வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் இறங்கியபோது, படியருகே நின்ற நடத்துனரைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். இரைச்சலில் எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. நடத்துனருக்குக் கேட்டிருக்கவேண்டும், "பாத்துப் போ தம்பி" என்றார். வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இத்தகைய ஒருவரை அடுத்த முறை சந்திக்கும்போது, குரலை உயர்த்தாமல், அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காமல், இன்னும் ஐந்து விநாடி காத்திருங்கள்; அவர் அட்டையோ கைப்பேசியோ நீட்டினால் முழுவதும் படித்துவிட்டு, பதிலை உடன் வந்தவரிடம் சொல்லாமல் அவரிடமே சொல்லுங்கள்.