தொலைபேசிக்கு இரண்டாவது வழி: சித்தூர், திருப்பதி அலுவலகங்களை முன்வைத்து

சித்தூர் வட்டாரத்து மாம்பழக் கூழ் ஆலைகளில் பழம் வந்து குவிவது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. அந்நாள்களில் ஆலையின் தொலைபேசி ஓய்வதில்லை. எந்தத் தோட்டத்து லாரி எப்பொழுது புறப்படலாம், வாயிலில் எத்தனை வண்டிகள் காத்து நிற்கின்றன என்பதெல்லாம் அதன் வழியாகவே தெரிய வேண்டும். பறித்த பழம் காத்திராது. அரை நாள் தொலைபேசி ஊமையானால் அந்த இழப்பு பெரும்பாலும் விவசாயியின் தலையில் விழுகிறது. கைப்பேசி எங்கும் பரவிவிட்ட போதிலும், பலரும் அறிந்த ஓர் எண்ணுக்கு வரும் அழைப்புகளை உரிய மேசைகளுக்குப் பிரித்தனுப்பும் பணி அலுவலகத் தொலைபேசி அமைப்பிடமே உள்ளது. மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, யாத்திரிகர் விடுதி ஆகியவற்றின் நிலையும் இதுவே.

சித்தூரில் ஆலையும், சாலை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் விற்பனை அலுவலகமும் உடைய ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அலுவலகத்தின் உள்ளே பேச்சு கணினி வலை வழியாகச் செல்கிறது. வெளியே பொதுத் தொலைபேசி இணைப்பகம் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து ஒன்றின் மொழியை மற்றொன்றுக்கு மாற்றித் தருவதே குரல் கேட்வே என்னும் கருவி. ஊருக்கு ஒன்றாக இரு கேட்வேக்களும் அவற்றுக்கிடையே ஒரு தரவு இணைப்பும் இருந்தால், ஒன்று பழுதுற்றபோது மற்றொன்றின் வழியாகப் பேச இயலும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் இரண்டு கருவிகளை வாங்கி வைப்பது வேறு. முதலாவது நின்றதை அறிந்து இரண்டாவது அவ்வேலையை ஏற்கும்படி அமைப்பது வேறு. இந்த வேறுபாடு கவனிக்கப்படாததால், பெருஞ்செலவில் வாங்கிய இரண்டாவது கருவி தேவைப்பட்ட நாளில் பயன்படாமற் போவதுண்டு.

இரட்டை ஏற்பாடு என்பது தொலைபேசித் துறைக்குப் புதியதன்று. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சக்கசன்னா என்னும் ஊரில் இயங்கத் தொடங்கிய மின்னணு இணைப்பகத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டிரண்டாக வைக்கப்பட்டன. 40 ஆண்டுகளில் 2 மணி நேரத்துக்கு மேல் சேவை தடைபடலாகாது என்பது அதன் வடிவமைப்பாளர் கொண்ட குறிக்கோள். 1984ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நமது சி-டாட் நிறுவனத்தின் பெரிய இணைப்பகங்களிலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. எனினும், 1988ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் சிகாகோ நகரை அடுத்த ஹின்ஸ்டேல் இணைப்பகத்தில் மூண்ட தீ ஏறத்தாழ 35,000 சந்தாதாரர்களின் தொலைபேசிகளை வாயடைக்கச் செய்தது. ஒரே கூரையின் கீழ் எத்தனை கருவிகளை இரட்டித்தாலும் கூரைக்கு வரும் கேட்டினின்று அவை தப்புவதில்லை.

ஆகவே, இரு ஊர்களில் இரு கருவிகள் என்னும் ஏற்பாடு ஒரே அறையில் இரு கருவிகள் என்பதைவிட மேலானது. ஆயினும் வெளிக்கம்பிகள் எந்த வழியாக வருகின்றன என்பதைக் கேட்டறிவது அவசியம். இரு நிறுவனங்களிடம் பெற்ற இணைப்புகள் சாலையோரத்தில் ஒரே பள்ளத்தில் கிடந்தால், ஒரு மண் அகழும் இயந்திரமே இரண்டையும் துண்டித்துவிடும். 2021 நவம்பரில் திருப்பதியையும் திருமலையையும் வெள்ளக்காடாக்கிய மழை போன்றது கம்பி எந்த நிறுவனத்துடையது என்று பார்ப்பதில்லை. தொலைபேசி அழைப்புகளை ஆளும் மையக் கணினி சித்தூரில் மட்டும் இருந்து இடையிலுள்ள தரவு இணைப்பு அறுந்துவிடுமாயின், திருப்பதியின் கேட்வே நலமாக இருந்தும் பயனில்லை. அத்தகைய நேரத்தில் திருப்பதித் தொலைபேசிகளைத் தானே தாங்கிக்கொள்ளும் ஆற்றல் அங்குள்ள கருவிக்கு இருத்தல் வேண்டும்.

அடுத்து வருவது, பழுதை அறியும் முறை. இதுவே மிகக் கடினமான பகுதி. இன்று பரவலாக வழங்கும் எஸ்.ஐ.பி. நெறிமுறையின்படி, அழைப்பு வேண்டுகோளுக்கு எதிர்ப்புறத்திலிருந்து மறுமொழியே வாராவிடில் இயல்பான காத்திருப்பு 32 வினாடிகள். அழைப்பவர் அதற்குள் தொலைபேசியை வைத்துவிடுவார். எனவே, ஒவ்வொரு கேட்வேக்கும் குறித்த இடைவெளியில் ஒரு நலவிசாரணைச் செய்தியை அனுப்பி, பதில் தவறினால் அதனை வரிசையிலிருந்து நீக்கும்படி மையக் கணினியை அமைக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இணைப்பகத்துக்குச் செல்லும் கம்பி அறுந்திருந்தாலும் கேட்வே மட்டும் உயிரோடிருந்து, 'நலமே' என்று மறுமொழி கூறிக்கொண்டிருக்கலாம். முழுவதும் செத்த கருவியைவிட இவ்வாறு அரையுயிராக இருப்பதே அதிகத் தீங்கு செய்வது. 2023 நவம்பர் 8ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனத்தின் வலை நாடு முழுவதும் முடங்கியபோது, அதன் கோபுரங்கள் சில தொடர்ந்து அலை பரப்பிக்கொண்டிருந்தன. அவற்றை நம்பிய கைப்பேசிகள் வேறு நிறுவனத்தின் வலைக்கு மாறவில்லை. அவசர உதவி கோரிய 2,000க்கும் மேற்பட்டோரின் அழைப்புகள் சென்றடையவில்லை. ஆதலால் வெளிக்கம்பி செயலற்றவுடன் கேட்வே தன் மறுமொழியையும் நிறுத்திக்கொள்ளும்படி செய்வதே தக்கது.

அழைப்பு தவறும்போது இணைப்பகம் ஒரு காரண எண்ணைத் தருகிறது. 34 என்றால் காலியான தடம் இல்லை. 38 என்றால் வலை பழுது. 41 என்றால் தற்காலிகக் கோளாறு. இவற்றுக்கு அழைப்பை மற்ற கேட்வேக்கு மாற்றலாம். 17 என்பது அழைக்கப்பட்டவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதையும், 1 என்பது அப்படி ஓர் எண்ணே இல்லை என்பதையும் குறிக்கும். இவற்றுக்கும் வழி மாற்றினால் வீண் அலைச்சலே மிஞ்சும்.

வெளியிலிருந்து வரும் அழைப்புகளைப் பொறுத்தவரை, அலுவலகம் தானாகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. 0877 என்று தொடங்கும் திருப்பதி எண்ணைச் சுழற்றுபவரின் அழைப்பு அந்த எண்ணுக்குரிய இணைப்பகத்தையே நாடும். கேட்வே நின்றால் 08572 என்று தொடங்கும் சித்தூர் எண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்பதைச் சேவை நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். பலர் வெளிச்செல்லும் அழைப்புகளுக்கு மட்டும் மாற்று வழி அமைத்து மனநிறைவு கொள்கின்றனர். மேற்சொன்ன ஆலைக்கோ வரும் அழைப்புகளே உயிர்.

கொள்ளளவையும் கணக்கிட வேண்டும். டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரம் இதற்கு இன்றும் உதவுகிறது. ஒரு பி.ஆர்.ஐ. இணைப்பில் 30 பேச்சுத் தடங்கள் உள்ளன. ஒவ்வோர் ஊரிலும் சராசரியாக 20 தடங்கள் அளவுக்குப் பேச்சுச் சுமை இருப்பின், 100 அழைப்புகளில் ஒன்றுகூடத் தவறாது. ஒரு கேட்வே நின்று, 40 தடங்களின் சுமையும் எஞ்சிய 30 தடங்களின் மீது விழுமானால், 100இல் ஏறத்தாழ 30 அழைப்புகள் இடமின்றித் திரும்பிவிடும். ஊருக்குச் சராசரி 10 தடங்களுக்கு மேல் சுமை ஏறாதபடி திட்டமிட்டால் மட்டுமே மாற்று ஏற்பாடு பெயருக்கேற்ப அமையும். பாதி காலியாகக் கிடக்கும் இணைப்புக்கு வாடகை கொடுப்பதைத் தணிக்கையாளர் வீண்செலவு எனக் குறிப்பதுண்டு. அது காப்பீட்டுத் தவணையை ஒத்த செலவு.

அவசர அழைப்புகளைத் தனியே கவனித்தல் வேண்டும். திருப்பதி ஊழியர் 108 எண்ணை அழைக்க, அது சித்தூர் கேட்வே வழியாகச் செல்லுமாயின் எதிர்முனையில் தெரிவது சித்தூர் எண். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. இடத்தை வாய்மொழியாகச் சொல்லாவிடில் ஆம்புலன்ஸ் தாமதப்படலாம். இவ்வெண்களுக்கு உள்ளூர்க் கைப்பேசி இணைப்பு ஒன்றையே மாற்று வழியாக வைப்பது நன்று. மேலும், பொதுத் தொலைபேசி வலையை நிறுவனத்தின் உள்வலையோடு இணைத்துத் தொலைதூரக் கட்டணத்தைத் தவிர்ப்பதை இந்திய உரிம விதிகள் நெடுங்காலமாகக் கட்டுப்படுத்தி வந்துள்ளன. ஊர் விட்டு ஊர் அழைப்பைக் கொண்டு செல்லும் எந்த ஏற்பாட்டுக்கும் சேவை நிறுவனத்தின் எழுத்து மூலமான இசைவைப் பெறுவது பாதுகாப்பானது.

பருவம் தொடங்குமுன் ஒரு விடுமுறை நாளில் திருப்பதிக் கேட்வேயின் வெளிக்கம்பியைக் கையால் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பின்பு மின்சாரத்தை நிறுத்தியும், தரவு இணைப்பைத் துண்டித்தும் பார்க்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு விதமாகப் பழுதுறுவன. பழைய வழிக்குத் திரும்புவதில் அவசரம் கூடாது. கோடையிடியின்போது மின்சாரம் வந்து வந்து போகும்; கருவி உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் அழைப்புகள் அங்கே பாய்ந்து அறுபடும். குறைந்தது பத்து நிமிடங்களேனும் அது நிலையாக இயங்கிய பின்னரே மீண்டும் அதன் வழியாக அழைப்புகளை அனுப்புமாறு அமைத்தல் வேண்டும்.