உங்களுக்குத் தெரியுமா? மரக்காணக் காற்றும் பந்தயப் பாய்மரமும்

● மரக்காணம் என்றால் இன்று உப்பளம். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ஏறத்தாழ முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளஸ்’ என்ற கடல்வழி நூல் குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பார்கள். பெரிய மரங்களைப் பிணைத்துக் கட்டிய கலங்கள் இந்தக் கரையோரம் ஓடியதையும் அந்த நூல் சொல்கிறது.

● டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டிக்குச் சென்ற இந்தியர் நால்வர். நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி. கணபதி மூவரும் சென்னையில் பழகியவர்கள். விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்த ராணுவ வீரர். கிரிக்கெட்டாக இருந்தால் தெருவெல்லாம் பேனர் கட்டியிருப்போம்!

● நேத்ரா பாய் பிடிக்கக் கற்றது ஒரு கோடை விடுமுறை முகாமில். 2021 ஏப்ரலில் ஓமனில் நடந்த தகுதிச் சுற்றின் மூலம், ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35ஆம் இடம். 2024 பாரிஸில் 21. விஷ்ணு பாரிஸில் 18ஆம் இடம் பிடித்தார்.

● நேத்ராவும் விஷ்ணுவும் ஓட்டுவது ‘இல்கா’ படகு. முன்பு ‘லேசர்’ என்றார்கள். நீளம் 4.2 மீட்டர், படகுக் கூட்டின் எடை சுமார் 59 கிலோ. இதில் ஒரு சிக்கனம் உண்டு: ஒரே கூட்டுக்கு மூன்று அளவில் பாய். சிறியது 4.7 சதுர மீட்டர், நடுத்தரம் 5.76, பெரியது 7.06. பிள்ளை வளர வளரப் பாயையும் அதைத் தாங்கும் மரத்தையும் மாற்றினால் போதும். எஞ்சின் கிடையாது. படகு ஒருபுறம் சாய்ந்தால் ஓட்டுபவரின் உடம்புதான் எதிர்ப்பாரம். கால்களைப் பட்டையில் மாட்டி, முதுகைத் தண்ணீருக்கு மேல் நீட்டி, ஒரு கையில் சுக்கான் பிடி, மறுகையில் பாய்க்கயிறு என்று முக்கால் மணி, ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். தொடை எரியும். அதனால் கரையில் செய்யும் உடற்பயிற்சியும் இங்கே பாதி ஆட்டம்.

● சிறுவருக்கு ‘ஆப்டிமிஸ்ட்’. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த குட்டிப் படகு. எடை 35 கிலோ. பதினைந்து வயது வரை இதில் பந்தயம் ஓடலாம்.

● காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை விலகி, வளைந்து வளைந்துதான் ஏற முடியும். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பழகிய மீனவர் பிள்ளைக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்தே இருக்கும். கோடையில் தரை சூடேறியதும் கடற்காற்று எழும். உப்பளத்துத் தண்ணீரை வற்ற வைப்பதில் அதற்கும் பங்குண்டு. பந்தயக்காரர் காத்திருப்பதும் அதற்காகத்தான்.

● தொடக்கப் பயிற்சியில் படகை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்வார்கள். நடுவில் செருகிய பலகையின் மேல் ஏறி நின்று, எடையைப் பின்னால் சாய்த்து இழுத்தால் படகு நிமிரும். எவ்வளவு நன்றாக நீந்தினாலும் படகை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. கவிழ்ந்த படகு மிதக்கும். தேடி வருபவர் கண்ணுக்குத் தலையைவிட அதுதான் முதலில் தெரியும்.

● உப்பை நம்பி வாழும் ஊரில் இதைச் சொல்ல வேண்டும்: பாய்மரப் படகுக்கு உப்புதான் பகை. கடலிலிருந்து ஏறியதும் பாய், கயிறு, கப்பி, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். விட்டால் கப்பி இறுகும், ஜிப் கடிக்கும், அலுமினிய மரத்தை அரிக்கும்.

● பந்தயத்தில் வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கே வழி. இடப்பக்கம் காற்று வாங்கும் படகு ஒதுங்க வேண்டும். விதி மீறினால் தாமாகவே இரண்டு சுற்றுச் சுற்றித் தண்டனையைத் தீர்க்க வேண்டும். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, பத்தாம் இடத்துக்குப் பத்து. குறைவாக வாங்குபவரே வெற்றி.

● ராமநாதபுரம் மாவட்டத் தொண்டிப் பக்கத்து மீனவ ஊர்களில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் பந்தயம் நடப்பது வழக்கம். ஒலிம்பிக் விதி இல்லை, ஆரவாரத்துக்குக் குறைவில்லை.

● மரக்காணத்தில் ஏன் பாய்மரப் பயிற்சி இல்லை? திறந்த கரையில் உடையும் அலை புதியவரைப் புரட்டிவிடும். அருகிலுள்ள கழுவெளி அமைதியான நீர்ப்பரப்பு. ஆனால் 2021 முதல் அது பறவைகள் சரணாலயம், படகு விட ஆசைப்படக் கூடாது. சென்னைத் துறைமுகத்துக்கோ அலைதடுப்புச் சுவர் உண்டு. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு செய்லிங் சங்கமும் அங்கேதான்.

● உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால் முதலில் நீச்சல் பழக்குங்கள். கற்கும் காலத்தில் படகு வாங்க வேண்டாம்; பயிற்சி மையத்துப் படகே போதும். விடுமுறைக்கு முன்பே முகாம் தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.