1-க்கும் 5-க்கும் நடுவில் ஒரு ஈ!

தேனி, போடி, கம்பம்... எந்தக் கடைவீதிக்குப் போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். 'எடை' என்று ஒரு கட்டம், 'விலை' என்று ஒரு கட்டம். அதில் எண்ணைத் தவிர வேறெதுவும் விழக் கூடாது. 'இவ்வளவுதானே, இதுக்கு ஒரு கட்டுரையா?' என்கிறீர்களா? பி.காம். படித்தவன் சொல்கிறேன், இதில் பணம் இருக்கிறது சார்!

1998-இல் வந்த விஷுவல் பேஸிக் 6-இல் புரோகிராம் எழுதியவர்களுக்கு ஒரு வழி தெரியும். அழுத்திய எழுத்தின் ஆஸ்கி எண் 48 முதல் 57 வரை இருந்தால் உள்ளே விடு, மற்றதை விரட்டு. பேக்ஸ்பேஸுக்கு எண் 8. அதையும் விட வேண்டும். மறந்தால், தப்பாக அடித்ததை அதைக் கொண்டு அழிக்க முடியாது! ஏலக்காய் எடை 48.5 கிலோ என்றும் வருமே? புள்ளிக்கும் அனுமதி. ஆனால் ஒரே ஒரு புள்ளிக்குத்தான்.

வாசலில் கூர்க்காவை நிறுத்தியாச்சு. திருடன் கொல்லைப்புறமாக வருவான்! வேறெங்கோ காப்பி செய்ததை மவுஸின் வலது பட்டனை அழுத்தி 'பேஸ்ட்' பண்ணினால், கூர்க்காவுக்குத் தகவலே போகாது.

சரி, முழுசாக அடித்த பிறகு 'இஸ்நியூமெரிக்' என்று கேட்கலாமா? 1-க்கும் 5-க்கும் நடுவில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து உட்கார்ந்தாலும் 'எண்தான்' என்று தலையாட்டும். காரணம், விஞ்ஞானக் கணக்கில் அதன் மதிப்பு 1 லட்சம். 15 கிலோ மூட்டையில் ஒரு ஈ உட்கார்ந்து லட்சம் கிலோ ஆனதை எங்காவது கேட்டதுண்டா?

'வால்' இன்னும் மோசம். 1,25,000 என்று கமா போட்டுக் கொடுங்கள். முதல் கமாவைப் பார்த்ததும் நின்றுவிடும். தோட்டக்காரருக்குச் சேர வேண்டிய ஒன்றேகால் லட்சம், ஒரே ஒரு ரூபாய்!

டாட்நெட்டில் 'இஸ்டிஜிட்' தமிழ் எண்ணான ௧-ஐயும் எண் என்று ஒப்புக்கொள்ளும். அப்பாடா, மரியாதை என்று மகிழ வேண்டாம். மதிப்பாக மாற்றச் சொன்னால் 'இண்ட்.பார்ஸ்' கையை விரித்துவிடும். 'ட்ரைபார்ஸ்' போட்டால், முடியாதபோது முடியாது என்று அமைதியாகச் சொல்லும்.

எண்ணாக இருந்தால் மட்டும் போதுமா? 2005 டிசம்பர் 8, டோக்கியோ. மிசுஹோ செக்யூரிட்டீஸ் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். 6,10,000 பங்குகளை 1 யென்னுக்கு என்று போய்விட்டது. அந்தக் கம்பெனியின் மொத்தப் பங்குகளே சுமார் 14,500தான்! இரண்டும் சுத்தமான எண்கள். நஷ்டம் சுமார் 4,000 கோடி யென்.

அதனால் உச்சவரம்பும் வேண்டும். அதிலும் பிடிவாதம் கூடாது. 2019 ஆகஸ்டில், கம்பம் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 'ஐயாயிரத்துக்கு மேல் செல்லாது' என்று எழுதி வைத்தவர் கதி? நியாயமான விலையையே கம்ப்யூட்டர் துரத்தியிருக்கும்.

எனக்குத் தெரிந்த புரோகிராமர் தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான். எழுத்தைத் தடு, சேமிக்குமுன் முழு எண்ணையும் சோதி, வழக்கத்துக்கு மாறாக இருந்தால் "நிஜமாவாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேள். கேட்பதில் கௌரவம் குறையாது. கேட்காவிட்டால் கல்லா குறையும்!