முதலில் திருப்பிப் பாருங்கள்!

படம் இருக்கட்டும், அப்புறம் ரசிக்கலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் டைல்ஸில் ஊறிய ஒருவர் கையில் உடைந்த சில்லு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நீலக் கப்பலையும் பூவையும் கண்டுகொள்ளவே மாட்டார். புரட்டிப்போட்டு விளிம்பைத் தடவுவார். கனமாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனா? 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியாக இருக்கலாம். போகப்போக டைல்ஸ் மெலிந்துகொண்டே வந்தது.

அடுத்து மூலை. பளபளப்புக்கு நடுவே ஊசி குத்தினாற்போல் ஒரு குழி தெரிகிறதா? அட, ஆணித்தடம்! அரைகுறையாகக் காய்ந்த களிமண்ணின் மேல் மரப்பலகையை அழுத்தி, சுமார் 13 சென்டிமீட்டர் சதுரமாக நறுக்குவார்கள். பலகை நழுவாமலிருக்க அதன் மூலைகளில் குட்டி ஆணிகள். அந்தக் குத்து இன்னும் அப்படியே இருக்கிறது!

பட்டறைக்குள் போவோமா? ஒருமுறை சுட்ட ஓட்டின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு. காய்ந்தால் வெறும் வெள்ளைப் பொடிப் படலம். அதில் படத்தை எப்படி இறக்குவது? காகிதத்தில் வரைந்த கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, மேலே கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவார்கள். நம்மூர் ஆரி ஒர்க் பிளவுஸுக்கு டிரேசிங் போடுகிறார்களே, அதே வித்தைதான்! காகிதத்தை எடுத்தால் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டே தூரிகை ஓடும். கரித்தூள் பிறகு சூளையில் எரிந்து காணாமல் போய்விடும்.

வேடிக்கை இனிமேல்தான். வரைகிறபோது அந்த நீலம் நீலமே இல்லை! கோபால்ட் சாயம் கருஞ்சாம்பலாகத்தான் இருக்கும். பொடிப்பூச்சு ஈரத்தைச் சட்டென்று குடித்துவிடுவதால் அழித்து வரையவும் வழியில்லை. இரண்டாவது சூட்டில் பூச்சு உருகிக் கண்ணாடியாகும்போதுதான் நீலம் எழும்பும். கை நடுங்கியிருந்தால் அதுவும் சேர்ந்தே வெந்துவிடும். ஒரே காகிதத்தில் தட்டிய இரண்டு டைலில்கூட, படத்திலிருக்கும் பையன்களின் மூக்கு ஒன்றுபோல் இருக்காது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அச்சுப் பிசகாத டைல்ஸ் நம் குளியலறையில் போதுமான அளவு இருக்கிறதே!

டெல்ஃப்ட் நகரில் 1653-இல் தொடங்கிய பட்டறை ஒன்றில் இன்றும் கையால் வரைகிறார்கள், போய்ப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் முடியாதென்றால், டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தைத் தேடுங்கள். சுவரின் அடிப்பகுதியில், கால் சூடேற்றும் பெட்டிக்குப் பின்னால் ஒரு வரிசை டைல்ஸ். அதில் ஒன்றில் மேல்நாட்டு மன்மதன் வில்லோடு நிற்கிறான்! ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அந்தப் படத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்.