துப்பாக்கிக் கட்டைக்கு மரம் பார்த்தல்

ஒருவருடைய கைக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செய்யப்படும் வேட்டை ரைஃபிள்களில், குழலையும் விசையையும் தாங்கி நிற்கும் மரப்பகுதியே துப்பாக்கிக் கட்டை எனப்படுகிறது. செதுக்குவதற்கு முன்னர் அது இரண்டு, இரண்டரை அங்குலக் கனத்தில், ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் அறுத்து வைத்த வெறும் பலகைதான். ஆயினும் அதைத் தேர்வதில் நேர்ந்த பிழையைப் பின்னர் எந்த உளியாலும் திருத்த முடியாது என்பதால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தொழிலில் இருப்போர் பலகையைப் புரட்டிப் பார்ப்பதிலேயே நெடுநேரம் செலவிடுகின்றனர்.

இதற்கெனப் பல நூற்றாண்டுகளாக முதலிடம் பெற்றிருப்பது வால்நட் மரமாகும். பிரெஞ்சு, ஆங்கில, துருக்கி, சர்க்காசிய வால்நட் என்று சந்தையில் பல பெயர்களில் விலைபோவன அனைத்தும் ஜக்லன்ஸ் ரீஜியா என்னும் ஒரே இனமே. நம் கடைகளில் விற்கும் அக்ரூட் பருப்பைத் தருவதும், காஷ்மீரத்துச் சிற்பத் தச்சர்கள் செதுக்குவதும் இதே மரந்தான். அமெரிக்க இராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு, கேரண்டு ரைஃபிள்களுக்குக் கட்டையானது அதன் உறவினமான கருவால்நட். கன மீட்டருக்கு ஏறத்தாழ 610 முதல் 640 கிலோ எடையுள்ள இம்மரங்கள் ஈட்டி மரத்தைப் போலக் கனமானவை அல்ல. ஆனால் அதிர்ச்சியைத் தாங்குவதும், உளிக்கு இணங்கிச் சிராய் எழாமல் வெட்டுப்படுவதும், பிடிமானத்துக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறும் நுண்ணிய கோடுகளை உதிராமல் வைத்துக்கொள்வதும் ஒரே மரத்தில் கூடிவருவது அரிது. உருமாறாமல் நிற்பதில் தேக்கு இதனை விஞ்சுமே என்று தமிழ் வாசகருக்குத் தோன்றலாம். உண்மைதான், எனினும் தேக்கு அதிர்ச்சிக்குச் சற்று நொறுங்கும் இயல்புடையது, அதிலுள்ள சிலிக்காவோ உளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும்.

மர இனம் முடிவானபின் பார்க்க வேண்டியது நாரோட்டம், அதாவது மரத்தின் நார்கள் செல்லும் திசை. நார்களை முறிக்குமாறு வளைக்கையில் கருவால்நட் ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை தாக்குப்பிடிக்கும். நார்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்குமாறு குறுக்கே இழுத்தாலோ 5 மெகாபாஸ்கல் அளவிலேயே பிளந்துவிடும். ஆகவே நார்கள் சாய்ந்து ஓடும் இடத்தில் வலிமை வேகமாகக் குறைகிறது: பத்துக்கு ஒன்று என்ற சாய்விலேயே வளைவு வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, ஐந்துக்கு ஒன்றாகச் சாய்ந்தால் பாதியளவே எஞ்சுகிறது. விசைக்குப் பின்னால் கை பற்றும் ஒடுங்கிய பகுதியான கழுத்துக்கே இதனால் பேராபத்து. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் விசையும், தவறிக் கீழே விழும்போது ஏற்படும் அதிர்ச்சியும் அங்கேதான் குவிகின்றன.

குழல் செல்லும் கோட்டிலிருந்து கழுத்து கீழ்நோக்கிச் சரிவதால், முற்றிலும் நேரான நார் கொண்ட பலகையில் முன்பகுதி சரியாக அமைந்தால் கழுத்தில் நார் குறுக்கே வெட்டுப்படும். அடிமரம் வேரை நோக்கி அகலும் இடத்திலோ, கழுத்தின் சரிவுக்கு ஏற்றவாறு நார்கள் இயல்பாகவே வளைந்து இறங்குகின்றன. மரத்தைத் தரைமட்டத்தில் அறுக்காமல் வேரோடு தோண்டியெடுக்கும் வழக்கத்துக்கு இந்த வளைவும் ஒரு காரணம். படைத்துறையினருக்கு இவ்வாறு மரந்தேடும் பொறுமை இருக்கவில்லை. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் முன்கட்டையும் பின்கட்டையும் இரு தனித்துண்டுகளாக இருந்ததால், ஒவ்வொன்றுக்கும் நாரோட்டத்தைத் தனியே பொருத்த முடிந்தது. ஜெர்மனியின் மவுசர் 98கே ரைஃபிளுக்குப் பீச் மரத்தின் மெல்லிய தகடுகளை ஒட்டிச் சேர்த்த கட்டை வந்தது. ஒரு தகட்டின் குறையை அடுத்தது மறைக்க, தேர்வு என்ற வேலையே பெரும்பாலும் ஒழிந்தது.

தனிக்கட்டை செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. தேனின் பொன்னிறத்தில் கருங்கோடுகள் பாயும் வால்நட்டில், கண்ணைக் கவரும் அந்தக் கோடுகள் வைரத்தில் படிந்த நிறங்களேயன்றி நார்கள் அல்ல. கோடு ஒரு பக்கம் வளைய, நார் வேறு பக்கம் செல்லக்கூடும். தேர்ந்தவர்கள் பலகையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஊசியால் கீறியதுபோலத் தெரியும் குட்டையான கருங்கீற்றுகளைப் பார்க்கின்றனர். மரம் நீரைக் கடத்திய நுண்குழாய்கள் நீளவாக்கில் வெட்டுப்பட்ட தடங்கள் அவை. நார் செல்லும் வழியை அவை பொய்யாது காட்டும். ஐயம் எஞ்சினால் ஒரு சொட்டு மையை விட்டுப் பார்ப்பதுண்டு. அது நாரின் போக்கிலேயே நீண்டு பரவும். பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, மேல்விளிம்பையும் பார்த்தாக வேண்டும், ஏனெனில் பக்கத்தில் ஒழுங்காகத் தெரியும் நார் மேலிருந்து நோக்கினால் ஓரமாக வெளியேறிக்கொண்டிருக்கலாம். அதன்பின் கட்டையின் வடிவில் வெட்டிய ஒளிபுகும் தகட்டைப் பலகைமேல் வைத்து நகர்த்தி, கழுத்தும் முன்பகுதியும் எங்கே அமையும் என்று தீர்மானிக்கின்றனர்.

அலையலையான குறுக்கு வரிகள், இரு கிளைகள் பிரியும் கவட்டையில் தோன்றும் இறகு வரி, முண்டுகளின் சுழி ஆகியவை எல்லாம் நார்கள் நேர்வழி தவறியதன் விளைவுகளே. விலையை ஏற்றுவதும் வலிமையைக் குறைப்பதும் ஒரே காரணம் என்பதால், அந்த அழகு தோளில் பொருந்தும் பின்கட்டையோடு நின்றுவிடுவதே நல்லது. கழுத்து வரை பரவிய இறகு வரிக்குப் பெரும்பொருள் கொடுப்பவர், துப்பாக்கியை வாங்கவில்லை, சுவரில் மாட்டும் படத்தை வாங்குகிறார் என்றே சொல்லலாம்.

முன்பகுதிக்கு வேண்டியது வெறும் நேரான நார்தான். பச்சை மரம் முழுவதும் உலரும்போது கருவால்நட் ஆண்டு வளையங்களின் போக்கில் 7.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கே 5.5 விழுக்காடும் சுருங்குகிறது; நீளவாக்கிலோ சுருக்கம் மிகச் சொற்பம். நார் நேராக இருந்தால் பருவத்துக்குப் பருவம் கட்டையின் அகலம் மட்டும் சிறிது மாறும். நார் சாய்ந்திருந்தால் கட்டையே கோணித் திருகி, குழலில் ஒரு பக்கமாக அழுத்தி, குண்டு விழும் இடத்தை மாற்றிவிடும். சாய்ந்து வளர்ந்த மரத்திலும் கிளையிலும் மேற்புறமாக உருவாகும் இழுவிசை மரம் நீளவாக்கிலும் சுருங்குவதால், கிளைப் பலகையை அறிந்தவர்கள் தொடுவதில்லை.

காய்ச்சல் போதாத பலகையில் இவ்வளவு ஆய்வும் வீண். வெட்டுமுனைகள் வழியே ஈரம் மிக வேகமாக வெளியேறி வெடிப்பு விடும் என்பதால், அவற்றை மெழுகால் அடைத்து நிழலில் காய வைப்பர்; அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. எனினும் ஆண்டுக்கணக்கை நம்புவதைவிட, பலகையை அவ்வப்போது நிறுத்து, எடை குறைவது நின்றதா என்று பார்ப்பதே உறுதியான வழி. செதுக்கத் தொடங்கிய பின்னரும் முன்பகுதியில் சிறிது கூடுதல் மரத்தை விட்டுச் சில வாரங்கள் வைத்திருந்து, அசைவு அடங்கிய பிறகே குழல் அமரும் பள்ளத்தை இறுதி அளவுக்குக் கொண்டுவருகின்றனர்.