கோலில் எழுதிய எண் 5

பென்னாகரத்திலிருந்து மலைச்சாலையில் இறங்கி ஒகேனக்கல் போனால், பரிசல் துறையைத் தாண்டிப் பாறைமேல் தூண்டிலோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் கையில் மூங்கில் கோல், கோல் நுனியில் நைலான் நரம்பு, முள்ளுக்கு ஒரு சாண் மேலே சிறு ஈயக்குண்டு. முள்ளில் மண்புழு இருக்கும், அல்லது மாவு உருண்டை. வீசியதும் ஈயக்குண்டு முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னாலேயே போகும்.

காவிரியின் மேற்பகுதியில், கர்நாடகப் பக்கம், பெரிய மஹ்சீர் மீனுக்கு ஒரு காலத்தில் கேழ்வரகுதான் இரை. ராகி மாவைக் கெட்டியாக வேகவைத்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி முள்ளைச் சுற்றி அப்பிவிடுவார்கள். நம் வீட்டுக் களிதான்! அந்த உருண்டைக்கே நல்ல கனம் உண்டு. அதனால் எறிவதற்குச் சிரமமே இல்லை.

இப்போது இரைக்குப் பதில் ஒரு கோழி இறகை எறிந்து பாருங்கள். எவ்வளவு வேகமாக வீசினாலும் இரண்டடி தள்ளி, ஆடி ஆடி உங்கள் காலடியிலேயே விழும். ஆனால் உலகத்தில் ஒரு கூட்டம் இறகைக் கொண்டுதான் மீன் பிடிக்கிறது. சின்ன முள்ளில் இறகும் நூலும் ரோமமும் கட்டி, தண்ணீர்மேல் உட்கார்ந்த பூச்சியைப் போலச் செய்துவிடுவார்கள். இதற்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். நாம் பூச்சித் தூண்டில் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இறகு விஷயத்தில் நம் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தருமபுரி மலைக்காடுகளில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழி இருக்கிறதே, அந்தச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியது போல மினுங்கும் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பிரிட்டனில் சால்மன் மீனுக்குப் பூச்சி கட்டியவர்கள் அந்த இறகுக்கு அலைந்தார்கள். கப்பல் கப்பலாகப் போனது. இப்போது ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. கோழி பிழைத்தது.

சரி, கனமே இல்லாத இறகு பதினைந்து மீட்டர் தள்ளிப் போய் விழுவது எப்படி? ஈயக்குண்டு கட்டினால் பூச்சி மூழ்கிவிடும். அதனால் கனத்தைத் தூண்டில் கயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இந்தக் கயிறு நைலான் நரம்பு மாதிரி மெல்லியது அல்ல. நடுவே பின்னல் நூல், மேலே பிளாஸ்டிக் பூச்சு, தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். எறியப்படுவது இந்தக் கயிறுதான். பூச்சி சும்மா அதன் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறது.

எறிபவர் முதலில் கோலைப் பின்பக்கம் வீசுவார். கயிறு முதுகுக்குப் பின்னால் நீளமாக விரியும். அது விரிந்து முடிகிற நேரம் பார்த்து கோலை முன்னால் கொண்டுவருவார். நீண்டு கிடக்கும் கயிறு சட்டென்று கூட வராது, அதன் எடை கோல் நுனியைப் பின்னுக்கு இழுக்கும். கோல் வளையும், வளைந்த கோலில் ஆற்றல் சேரும். கையைத் திடீரென்று நிறுத்தினால் கோல் நிமிரும். கை கொடுத்த வேகமும் கோல் சேர்த்துவைத்த ஆற்றலும் சேர்ந்து கயிற்றுக்குப் போய்விடும்.

இனி நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கயிறு நேராகப் பறப்பதில்லை. ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்த வடிவத்தில் மடிந்து பறக்கும். மேல்பாதி முன்னால் ஓடுகிறது. கீழ்பாதி கோலில் கட்டுண்டு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மடிப்பு முன்னேற முன்னேற, ஓடுகிற பகுதி நீளம் குறைந்துகொண்டே வரும். முதலில் ஒன்பது மீட்டர் கயிற்றிடம் இருந்த ஆற்றல், பிறகு ஐந்து மீட்டரிடம், பிறகு ஒரு மீட்டரிடம். கனம் குறைந்தும் ஆற்றல் பெருமளவு மிஞ்சி நிற்பதால் வேகம் தளராமல் இருக்கிறது. காற்று தடுத்தாலும் கடைசி நுனிவரை கயிறு விரிவது இதனால்தான். மாட்டுவண்டிச் சாட்டையின் ‘சுளீர்’ இதே குடும்பத்துச் சத்தம்தான். சாட்டை நுனி ஒலியின் வேகத்தையே, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டிவிடும். தூண்டில் கயிறு அந்த அளவுக்குப் போகக் கூடாது. போனால் பூச்சி அறுந்துவிடும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் கயிற்றின் கனமும் கோலின் விறைப்பும் ஒத்துப்போக வேண்டும். கயிறு லேசாக இருந்தால் கோல் வளையவே வளையாது, வெறும் குச்சியை ஆட்டின மாதிரிதான். கயிறு அதிகக் கனமானால் கோல் அடிவரை வளைந்து சோர்ந்துபோகும். மடிப்பு அகலமாகத் திறந்து, கயிறு பாதி வழியில் குவியலாக விழும்.

முன்பு இந்தக் கயிற்றைப் பட்டில் பின்னினார்கள். அப்போது தடிமனை வைத்துத்தான் பெயர். அங்குலத்தில் 0.060 இருந்தால் ‘ஏ’, 0.055 இருந்தால் ‘பி’, இப்படியே இறங்கி ‘எச்’ வந்தால் 0.025. எல்லாமே பட்டு என்பதால் தடிமன் தெரிந்தால் எடையும் தெரிந்துவிடும். பிறகு நைலானும் பிளாஸ்டிக்கும் வந்தன. அவற்றின் அடர்த்தி வேறு. ஒரே தடிமனில் ஒரு கயிறு லேசு, இன்னொன்று கனம். கோலுக்குத் தடிமனைப் பற்றி என்ன கவலை? அதற்குத் தெரிவது எடை மட்டும்தான். அதனால் 1960-ஐ ஒட்டி அமெரிக்காவின் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் எழுத்துகளைத் தூக்கிப்போட்டுவிட்டு எண்களைக் கொண்டுவந்தது. கயிற்றின் முன்பகுதி 30 அடியை, அதாவது 9.1 மீட்டரை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அளவு, கிரெயின். நம் பொற்கொல்லர்களிடம் குன்றிமணி இருந்தது, ஐரோப்பியர்களிடம் தானிய மணி இருந்தது, அந்தப் பழைய அளவுதான் இது. ஒரு கிரெயின் 0.0648 கிராம்.

அந்த 30 அடி 100 கிரெயின் இருந்தால் அது 3-ஆம் எண் கயிறு. 120 என்றால் 4. 140 என்றால் 5. கிராமில் சொன்னால் 9.1. 160 வந்தால் 6. 8-ஆம் எண்ணுக்கு 210, 10-ஆம் எண்ணுக்கு 280, அதாவது 18 கிராம். கோலின் கைப்பிடிக்கு மேலே ‘5’ என்று எழுதியிருந்தால் அது கோலின் எடை அல்ல, பிடிக்கப்போகும் மீனின் எடையும் அல்ல. ‘என்னை ஒழுங்காக வளைக்க 5-ஆம் எண் கயிறு வேண்டும்’ என்று கோல் கேட்கிறது, அவ்வளவுதான்.

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் இன்றும் இருக்கிறது. அது தின்பது சின்னப் பூச்சி, அதற்கு 4 அல்லது 5 போதும். மஹ்சீருக்கு 8, 9 என்று போவார்கள். மீன் பெரியது என்பதால் மட்டும் இல்லை. அதற்குக் கட்டும் பூச்சியும் பெரியது, காற்றில் அதிகம் தடைபடும், அதை இழுத்துப் போகக் கனமான கயிறு வேண்டும்.

காவிரி மஹ்சீர் எவ்வளவு பெரிதாக வளரும்? 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் பிடித்தது 120 பவுண்டு, கிட்டத்தட்ட 54 கிலோ! முதுகில் திமில் போன்ற மேடுள்ள அந்த இனத்துக்கு 2018-இல்தான் அறிவியல் பெயர் உறுதியானது: டோர் ரேமாதேவியி. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம் என்ற பட்டியலிலும் அது சேர்ந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காவிரிக்கரைக் காடுகள் 2014-இலும் 2022-இலும் வடக்கு, தெற்கு என்று இரண்டு காவிரி வனவிலங்கு சரணாலயங்கள் ஆகிவிட்டன. அங்கே மஹ்சீரைப் பிடிக்க வேண்டாம்.

எறிவதற்கு ஆறு தேவையில்லை, பள்ளி மைதானம் போதும். முள் கூடவே கூடாது. இரண்டு மீட்டர் நீளத்தில் மெல்லிய மூங்கில் பிளாச்சு ஒன்று எடுங்கள். அதன் நுனியில் முதலில் ஆறு மீட்டர் தையல் நூலைக் கட்டி வீசுங்கள். பிறகு அதே நீளம் சணல். பிறகு துணி காயப்போடும் கொடிக்கயிறு. ஒவ்வொன்றின் நுனியிலும் துளி கம்பளி நூல், அதுதான் பூச்சி. எந்தக் கயிறு பிளாச்சை அழகாக வளைத்துக் கம்பளியை முன்னால் கொண்டுபோகிறது என்று பாருங்கள். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

எறியாமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அமெரிக்காவில் ஹன்னமேன் என்பவர் கோலைக் கிடையாகப் பிடித்து, நுனியில் பை தொங்கவிட்டு, அதில் 2.5 கிராம் எடையுள்ள செம்பு நிறச் சில்லறைக் காசுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். நுனி, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கியதும் நிறுத்திக் காசை எண்ணினார். அந்த எண்ணிக்கையை வைத்து எந்தக் கயிறு பொருந்தும் என்று அட்டவணை போட்டார். நீங்கள் ஒரு ரூபாய் காசு போடலாம். நம் காசுகள் ஆண்டுக்கு ஆண்டு எடை மாறியிருப்பதால் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பையை அப்படியே மளிகைக் கடை மின்தராசில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சிக்கல். எண் 5 என்பது 9.1 மீட்டர் கயிறு வெளியே இருந்தால்தான் சரி. புதர் மண்டிய குறுகலான ஓடையில் அவ்வளவு நீளம் விட இடம் ஏது? 4.5 மீட்டர்தான் வெளியே இருக்கிறது என்றால் எடை பாதிக்கும் குறைவு; கயிற்றின் முன்நுனியை மெலிதாக்கித்தானே செய்திருக்கிறார்கள். கோல் வளையாமல் முரண்டு பிடிக்கும். அனுபவசாலிகள் அப்போது 5-ஆம் எண் கோலில் 6-ஆம் எண் கயிற்றை மாட்டிவிடுவார்கள். அகன்ற ஏரியில் 15 மீட்டர் கயிற்றைக் காற்றில் தூக்கி வீசுபவர் அதே கோலுக்கு எந்த எண்ணை மாட்டுவார், சொல்லுங்கள் பார்ப்போம்?