பாஸ்வேர்டை ஏன் சேமிக்கக் கூடாது?

சிஎன்சி மெஷின் இந்த ஷிப்டில் எத்தனை உருப்படி கடைந்தது என்பதை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை முதலாளி இன்று வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். இதைக் காட்டும் டாஷ்போர்டுக்கு லாகின் வைக்கும்போது பாஸ்வேர்டை டேட்டாபேஸில் அப்படியே எழுதிவைத்தால், டேட்டாபேஸ் திருடுபோகிற அன்றே எல்லாம் போச்சு.

எழுதிவைக்காமல் எப்படிச் சரிபார்ப்பது? பாஸ்வேர்டை ‘ஹாஷ்’ என்ற கணக்கில் போட்டு, வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது; இதுவும் அப்படித்தான். அடுத்த முறை அடிக்கும் எழுத்துகளையும் அதே கணக்கில் போட்டு, விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு பேர் ‘அம்பத்தூர்123’ என்று வைத்தால் (வைப்பார்கள்!) விடையும் ஒன்றே. திருடர்கள் இத்தகைய சொற்களுக்கெல்லாம் விடைப் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்திருப்பார்கள். அதனால்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும் ‘சால்ட்’ எழுத்துகளைக் கலந்து ஹாஷ் செய்கிறார்கள். 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்த ஹாஷ்களில் சால்ட் இல்லை. ஏராளமானவை சீக்கிரமே உடைந்தன.

அந்த ஹாஷ் கணக்கு வேகமாக இருந்ததும் திருடர்களுக்கு வசதி. 1999இல் வந்த ‘பிகிரிப்ட்’ என்ற ஹாஷ் கணக்கு வேண்டுமென்றே மெதுவாக ஓடும். லாகின் செய்பவருக்குக் கால் நொடி தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவருக்கு அதுவே வருடக்கணக்காகிவிடும்.